கை மட்டும்

ஹாபாய், டோங்கா
11 பிப்ரவரி 1984

மதிப்புக்குரிய லோசலின் அக்காவுக்கு,

ஆண்டவர் இந்த வாரமும் நம்மை உயிரோடு வைத்திருக்கிறார். ஆக்லாந்தில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பெரியப்பா மாக்கா நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. ஃபானே நலம். மகள் லூப்பேவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பெரிய தீவு ஆஸ்பத்திரியில் நான் பதினோரு நாள் கிடந்த கதை எப்படியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நவம்பரிலிருந்தே தாகம். ஒரு நாளைக்கு இளநீர் பத்துப் பன்னிரண்டு. தாகத்துக்குப் பின்னால் வருவதை உங்களுக்கு எழுத முடியாது, நீங்கள் நர்ஸ், புரிந்துகொள்வீர்கள். ஆலயத்துக்குப் போகும்போது மரியாதைக்காக இடுப்பில் கட்டும் பாய் நழுவ ஆரம்பித்தது. ஜனவரியில் ஒருநாள் தோட்டத்திலேயே விழுந்துவிட்டேன்.

சர்க்கரை நோய் என்றார் டாக்டர். குண்டானவர்களுக்கு வருகிற வகை இல்லையாம். உடம்பு இன்சுலின் என்ற ஒன்றைச் சுரப்பதையே நிறுத்திவிட்டதாம். இனி சாகும்வரை காலையில் இருபது யூனிட், மாலையில் பத்து என்று இரண்டு ஊசி. நின்றால் சில நாட்களில் நானும் நின்றுவிடுவேன் என்று சொல்லாமல் சொன்னார். எனக்கு இருபத்தாறு வயது அக்கா.

ஊசி போடச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? நம் சித்தப்பா மகள் வீகா. அந்த வார்டு நர்ஸ் அவள்தான். அவளும் எனக்கு அக்கா முறைதானே, பாவம், ஒரு பப்பாளிப் பழத்தில் குத்திக் காட்டினாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "கையில போட்டுக்க, மேல் கையில" என்றாள். நானும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போட்டேன். முதல் ஊசி படுக்கை விரிப்புக்குப் போயிற்று.

மருந்துப் புட்டி போதகர் வீட்டு மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கே தெரியும். இருக்கிற வெட்கம் போதாது என்று உங்களுக்கும் எழுதுகிறேன். அக்கா தம்பி என்பதாலேயே, ஊர் வழக்கப்படி ஒரே கூரையின் கீழ் தூங்காமல் வளர்ந்தவர்கள் நாம், என் உடம்பைப் பற்றி உங்களுக்கு ஒரு வரி எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் ஊசி விஷயத்தில் நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதன்படியே செய்வேன்.

பணிவுடன்,
தம்பி லிசியாத்தே


ஆக்லாந்து
3 மார்ச் 1984

அன்புத் தம்பி லிசியாத்தேவுக்கு,

கடவுள் உன்னைத் திருப்பிக் கொடுத்ததற்கு முழங்காலிட்டு நன்றி சொன்னேன். வழக்கம்போல இதை ஃபானே சத்தமாகப் படிப்பாள், பெரியப்பா முதல் பக்கத்து வீடுவரை எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். எல்லோருக்கும் என் அன்பு. பெரியப்பாவின் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கவனமாகக் கேள். காலையில் இருபது யூனிட், மாலையில் பத்து, டாக்டர் சொன்ன அளவு சரியானதுதான். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், வேலை இருந்தாலும் சரி, ஜெபம் இருந்தாலும் சரி. கை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, காரணமில்லாமல் கோபம் வந்தாலோ உடனே சர்க்கரை. அந்த நேரத்தில் உனக்குப் புத்தி இருக்காது, ஆகவே ஃபானே, இது உனக்கு: அவன் விழுங்க முடியாமல் கிடந்தால் எதையும் வாயில் ஊற்றாதே, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, சர்க்கரையைக் கன்னத்தின் உள்பக்கம் தேய்.

தினமும் ஒரே இடத்தில் குத்தாதே. இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று வலது கை, நாளை இடது கை. கைதான் சௌகரியம். மீதியை அங்கே யாரிடமாவது கேட்டுக்கொள்.

சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை விட்டு, மாத்திரை போட்டுப் பார்க்கும் நிறத்தை எனக்கு எழுது. நீலம் என்றால் நல்லது, செங்கல் நிறம் என்றால் கெட்டது. நிறத்தை மட்டும் எழுதினால் போதும்.

நான் வேலை செய்வது சர்க்கரை நோய் வார்டில்தான் என்று உனக்குத் தெரியும். இங்கே ஏழு வயதுப் பெண்ணெல்லாம் தானே போட்டுக்கொள்கிறாள். நீ ஆண்பிள்ளை, பயப்படாதே.

உன் அக்கா,
லோசலின்


ஹாபாய்
2 ஏப்ரல் 1984

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் தைலமும் ஒரே படகில் வந்தன. நாங்கள் எல்லோரும் நலம். பெரியப்பா தைலத்தை முழங்காலுக்குப் போடாமல் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நீங்கள் எழுதியபடி வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். நிறம்: முதல் வாரம் பச்சை. அடுத்து மஞ்சள். இப்போது இரண்டு வாரமாகச் செங்கல். அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவதற்குள், ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பக்கம்தான் வேலை வந்துவிடுகிறது.

விருந்துகள்தான் பெரிய தொல்லை. போன வாரம் போதகர் வீட்டு விருந்தில் பன்றி இறைச்சியும் வள்ளிக்கிழங்கும் மலைபோல வைத்தார்கள். நான் பாதி தட்டோடு எழுந்தேன். பெரியப்பா எல்லோர் முன்னாலும், "ஏன்டா, ஒன்னைமாதிரி குச்சிக்கே சர்க்கரைன்னா, என்னைமாதிரி ஆளுக்கு என்ன வரணும், கரும்புத் தோட்டமா?" என்று கேட்டார். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. வீட்டுக்கு வந்ததும் ஃபானேயிடம் கத்தினேன்.

அளவைக் கூட்ட வேண்டுமா? நீங்கள் சொல்லாமல் நான் எதையும் மாற்றமாட்டேன்.

பணிவுடன்,
லிசியாத்தே


ஆக்லாந்து
24 ஏப்ரல் 1984

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. லூப்பேவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன், அங்கே அதற்கு வேலை இல்லை என்றாலும் அத்தை அனுப்பினாள் என்று மாட்டிக்கொள்ளட்டும்.

செங்கல் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. வார்டு டாக்டரிடம் கேட்டேன். காலையில் இருபத்தாறு, மாலையில் பதினான்கு ஆக்கு. அவர் இரண்டு கேள்வி கேட்டார், அப்படியே எழுதுகிறேன். மருந்து வெயிலில் கிடந்ததா? ஊசி போடும் இடங்கள் எப்படி இருக்கின்றன?

இரண்டுக்கும் பதில் எழுது.

உன் அக்கா,
லோசலின்


ஹாபாய்
5 ஜூன் 1984

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். படகின் என்ஜின் மூன்று வாரம் கெட்டுக்கிடந்தது. எல்லோரும் நலம். லூப்பே கம்பளிச் சட்டையைக் கழற்ற மறுத்து வேர்க்குரு வாங்கிக்கொண்டாள்.

மருந்து வெயிலில் கிடக்கவில்லை. ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது.

நிறம் இன்னும் செங்கல்தான். எடை குறைந்திருக்கிறது என்று ஃபானே சொல்கிறாள், அவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். தோட்டத்தில் வள்ளிக்கொடிக்குக் குழி வெட்டுகிறோம். பாடகர் குழுவில் அடிக்குரலுக்கு இந்த வருடமும் என்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

அளவை எழுதுங்கள்.

பணிவுடன்,
லிசியாத்தே


ஆக்லாந்து
27 ஜூன் 1984

தம்பிக்கு,

எல்லோரும் நலமா. நான் நலம்.

இருபத்தாறு யூனிட் போட்டும் செங்கல் நிறம் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரிகிறது. இங்கே வார்டில் தினமும் பார்க்கிறேன். "நான் ஒண்ணுமே தின்னலை சிஸ்டர்" என்பார்கள், தலையணையைத் தூக்கினால் கீழே மிட்டாய்க் காகிதம் இருக்கும். நீ கடைக்குப் போய் இனிப்பு ரொட்டி வாங்கித் தின்கிறாய். விருந்தில் பாதி தட்டோடு எழுந்து, அடுக்களைக்குப் போய் மீதியைத் தின்கிறாய். என்னிடம் மறைக்காதே. கண் போகும், கால் போகும், லூப்பே தகப்பனில்லாமல் வளர்வாள். இருபத்தாறு வயதில் வாயைக் கட்ட முடியாதவன் என்று பெயர் வாங்காதே.

காலையில் முப்பத்தாறு, மாலையில் பதினெட்டு. இதற்கு மேல் கூட்ட எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஹாபாய்
20 செப்டம்பர் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

ஃபானே எழுதுகிறேன். கடவுள் கிருபையால் லூப்பேவும் பெரியப்பா மாமாவும் நலம். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். இந்த வரியை எழுத முடிந்ததற்காக அழுதுகொண்டே எழுதுகிறேன்.

"அக்காவுக்கு எழுதாத" என்றார் அவர். நான் எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்தவள், உங்கள் முன் நான் வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அனுமதி கேட்காமலே திறக்கிறேன்.

உங்கள் ஜூன் கடிதத்தை நான்தான் படித்தேன். பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இனிப்பு ரொட்டி என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். "நிறுத்தாத, படி, அக்கா எழுதினது" என்றார் அவரே. முழுதும் படித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி, அவர் ஒரு துண்டு ரொட்டிகூடத் திருடித் தின்னவில்லை. அடுக்களை என்னுடையது, எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து யார் முன்னாலும் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

அவர் உங்களுக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். இரண்டு மேல் கையிலும் கட்டி. சின்னச் சேப்பங்கிழங்கு அளவில், தொட்டால் ரப்பர் மாதிரி. ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அங்கே குத்தினால் வலிப்பதில்லை என்று அதிலேயே போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியக் கூடாது என்று வெயிலில்கூட முழுக்கைச் சட்டை. உங்கள் டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

செப்டம்பர் தொடக்கத்தில் சுகாதாரப் படகு வந்தது. அதிலிருந்த அதிகாரி வடக்கே நியூவா தீவுக்காரர், நமக்கு எந்த முறையும் இல்லை. அவரிடம் மட்டும்தான் உங்கள் தம்பி சட்டையைக் கழற்றினார். "அட மனுசா, எட்டு மாசமா இதுலயேவா குத்துற? மருந்து பாதி உள்ள போகாது. நாளைலேர்ந்து வயித்துல போடு, தொடையில போடு. புது இடத்துல மருந்து முழுசா இறங்கும், அளவைக் கொறச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தீவுக்குப் படகு ஏறிவிட்டார்.

வயிற்றில் போட்டுக்கொண்டார். அளவைக் குறைக்கவில்லை. நான் சண்டை போட்டேன். "அது அக்கா சொன்ன அளவு. அத மாத்த நான் யாரு? எழுதிக் கேக்குறேன், பதில் வர்ற வரைக்கும் இதுதான்" என்றார். அண்ணி, நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அது ஒன்பதாம் தேதி, ஞாயிறு. காலையில் முப்பத்தாறு யூனிட் வயிற்றில். ஒரு துண்டு கிழங்கு தின்றார், அதையும் திரும்பி உட்கார்ந்து தின்றார். குழியடுப்புச் சாப்பாடு ஆலயம் முடிந்துதானே. மூன்றாவது பாட்டில் அவர் குரல் விலகியது. பாட்டு முடிந்த பிறகும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்க்கிறேன், முகமெல்லாம் வியர்வை. போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார். உங்கள் தம்பி எழுந்து நின்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பாயை உருவிப் பீடத்துக்கு முன்னால் போட்டார். சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்றார் பெரியப்பா மாமா. நாலு பேர் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று மரத்தடியில் போட்டுவிட்டு உள்ளே திரும்பப் பார்த்தார்கள். அதற்குள் அவர் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. நான் போதகர் வீட்டுக்கு ஓடி, சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "விடுங்க மாமா, குடிக்கலை, சர்க்கரை இறங்கிடுச்சு" என்று கத்தினேன். இழுப்பு அடங்கியதும், நீங்கள் எழுதியபடியே ஒருபக்கமாகச் சாய்த்துக் கன்னத்துக்குள் தேய்த்தேன். இருபது நிமிஷம். அதற்குள் நான் இரண்டு தடவை விதவையாகிவிட்டேன்.

கண் திறந்ததும் முதலில் கேட்டது, "பாய் எங்க?" இரண்டாவதாகச் சொன்னது, உங்களுக்கு எழுத வேண்டாம் என்று.

இப்போது அவர் ஆலயத்துக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுகிறார். அளவை நானே இருபதாகக் குறைத்துவிட்டேன், மருந்தை நான்தான் ஊசியில் ஏற்றிக் கொடுக்கிறேன். அது சரியா தப்பா என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி,
ஃபானே


ஆக்லாந்து
4 அக்டோபர் 1984

அன்புள்ள ஃபானேவுக்கும் தம்பிக்கும்,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். ஃபானே, நீ குறைத்தது சரி. டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டேன்: காலையில் பதினெட்டு, மாலையில் எட்டு. நிறத்தைப் பார்த்து இரண்டிரண்டாக மட்டும் மாற்றலாம். மாற்றும் உரிமை உங்கள் இருவருக்கும், எனக்கு இல்லை.

இந்தக் கடிதத்தையும் சத்தமாகப் படி. ஜூன் கடிதத்தைக் கேட்ட அந்தப் பதினான்கு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படி. பெரியப்பா முன்னால் உட்காரட்டும்.

என் தம்பி எதையும் திருடித் தின்னவில்லை. குற்றம் என்னுடையது. இந்த வார்டில் நான் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு ஊசி போடுகிறேன். அதில் கையில் போட்டுக்கொள்பவர் நாலைந்து பேர். மற்ற எல்லோருக்கும் வேறு இடங்களில். கையில் மட்டும் போட்டால் கட்டி வரும் என்பதை இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மார்ச்சில் உனக்கு எழுதியபோது அந்த இடங்களின் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். என் தம்பிக்கு, எல்லோரும் கேட்க, நான் அந்தச் சொற்களை எழுதுவதா என்று நினைத்தேன். 'கைதான் சௌகரியம்' என்று எழுதினேன். யாருக்குச் சௌகரியம்? எனக்குத்தான். நீ கட்டியில் குத்திக்கொண்டிருந்தபோது நான் அளவைக் கூட்டினேன், பிறகு உன்னைத் திருடன் என்றேன்.

ஊரான் வயிற்றில் போடக் கூசாத எனக்கு, என் தம்பிக்கு ஒரு சொல் எழுதக் கூசியது. வார்டு தலைமை நர்ஸிடம் இதைச் சொன்னேன், அவள் வெள்ளைக்காரி, புரியாமல் விழித்தாள். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது எழுதுகிறேன். வயிறு. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சுற்றிலும். தொடை. முன்பக்கம், வெளிப்பக்கம். புட்டம். மேல்பக்கம், வெளி ஓரம். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடு. கைகளை ஆறு மாதம் தொடாதே.

லிசியாத்தே, என்னை மன்னித்துவிடு.

லோசலின்


ஹாபாய்
12 நவம்பர் 1984

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம். நிறம் ஒன்பது நாள் நீலம், நாலு நாள் பச்சை. மற்ற எல்லோரும் நலம்.

உங்கள் கடிதம் படிக்கப்பட்ட விதத்தை எழுத வேண்டும். பதினான்கு பேரும் வந்தார்கள், புதிதாக ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் வீட்டுக்குள் இல்லை, ஜன்னலுக்குக் கீழே தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். 'வயிறு' வந்தபோது இருமல் சத்தம் கேட்டது. 'தொடை' வந்தபோது பெண்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது இடம் வந்தபோது ஆண்களும் போய்விட்டார்கள். கடைசி வரியை ஃபானே சுவருக்குத்தான் படித்தாள். நான் தேங்காயை விட்டுவிட்டு விரலை உரித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க அக்கா ரொம்ப நாளா வெளிநாட்டுல இருந்துட்டா" என்றார். தேங்காயை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நான் அன்னைக்கி ஊத்திக்கிட்டு வந்துட்டான்னு சொல்லிட்டேன்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன்டா, வயித்துல குத்துனா வலிக்குமா?" என்று கேட்டார். வலிக்காது என்றேன். மறு ஞாயிறு என் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போய் அவர் பக்கத்தில் உட்காரவைத்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஆனால் அக்கா, குற்றம் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது. உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் ஓர் ஆங்கிலத் தாள் கொடுத்தார். அதில் ஒரு மனிதனின் படம், துணியில்லாமல். ஊசி போடும் இடங்களிலெல்லாம் கோடு போட்டிருந்தது. வயிறு, தொடை, பின்னால் எல்லாம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது, படம் தெரியுமே. பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும்.

உங்கள் முதல் கடிதத்தில் கை மட்டும் இருந்தபோது, ஏன் மட்டும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்கா எழுதாமல் விட்ட இடத்தில் போட்டால், அக்கா எதை நினைத்து எழுதாமல் விட்டாளோ அதையே நானும் நினைத்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. தாளைக் கூரை ஓலையில் செருகினேன். கட்டி வந்தபோதும் எடுக்கவில்லை. எழுதினால் நீங்கள் பதில் எழுத வேண்டியிருக்குமே. அளவை மாற்றாததும் மரியாதைக்காக மட்டுமில்லை. திருடன் என்று நீங்கள் எழுதிய பிறகு, நீங்கள் சொன்னதை அப்படியே செய்து அதனால் எனக்கு ஏதாவது ஆகட்டும் என்று ஒரு மூலையில் நினைத்தேன். லூப்பேவை வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன். பாயை அவிழ்த்ததைவிட எனக்கு இதுதான் வெட்கம்.

இதை ஃபானேவுக்கும் காட்டவில்லை.

பணிவுடன்,
லிசியாத்தே


ஆக்லாந்து
26 நவம்பர் 1984

அன்புத் தம்பிக்கு,

நீ நலம் என்று படித்தேன், இரண்டு தடவை படித்தேன். அதற்குக் கீழே இருந்ததை வார்டு கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், ஃபானே படிக்கும் கடிதம் இது. எனக்குக் கேட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்.

கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் விடுப்பு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதிப் படகில் வருகிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் கைகளை நான் பார்க்க வேண்டும். வயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டி கரைகிறதா, புது இடத்தில் வருகிறதா என்பது விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். அங்கே அதைத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, சுகாதாரப் படகு இனி மார்ச்சில்தான். நம் வீட்டில் இதுவரை யாரும் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். பெரியப்பாவுக்கு நான் தனியாக எழுதிவிட்டேன்.

உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று என் வெள்ளைச் சீருடையையும் தொப்பியையும் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு வருகிறேன். யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொள். நானும் யாரோ நோயாளி என்று நினைத்துக்கொள்வேன், தினமும் செய்கிற வேலைதானே.

உன் அக்கா,
லோசலின்


ஹாபாய்
10 டிசம்பர் 1984

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

எல்லோரும் நலம், உங்களுக்காகக் காத்திருக்கிறோம். பெரியப்பா உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்திருக்கிறார், என்ன எழுதினீர்களோ. "அன்னைக்கி நான் மீன் பிடிக்கப் போயிடுவேன், ஊரையும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

சீருடை வேண்டாம் அக்கா. உங்கள் கடிதம் வந்து நாலு நாளாக மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். வெள்ளை உடை போட்டுப் பார்த்தேன், தொப்பி வைத்துப் பார்த்தேன். அதற்கு மேலே இருக்கிற முகம் உங்களுடையதாகத்தான் இருக்கிறது. யாரோ என்று நினைத்துக்கொண்டுதான் வீகா சுவரைப் பார்த்தாள், நானும் சுவரைப் பார்த்தேன், ஒரு வருடம் போயிற்று.

நீங்கள் வரும்போது எனக்கு உயிர் போகிற அளவு வெட்கமாக இருக்கும். உங்களுக்கும் இருக்கும். அது போகாது, போக வேண்டியதும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டே சட்டையைத் தூக்குகிறேன், வெட்கப்பட்டுக்கொண்டே பாருங்கள்.

உங்கள் தம்பி,
லிசியாத்தே